200 மில்லிமீட்டருக்காக மூன்று வாரம்

பள்ளி விடுமுறை தொடங்கிய இரண்டாம் நாள், சுங்கைப் பட்டாணியில் உள்ள எங்கள் வீட்டு வாசலில் ஒரு பெட்டி வந்திறங்கியது. உள்ளே அலுமினியச் சட்டங்கள், பளபளக்கும் திருகுத்தண்டுகள், மூன்று சிறு மோட்டார்கள், ஒரு மின்சுற்றுப் பலகை, ஒரு பை நிறையத் திருகாணிகள். கூடவே வெறும் படங்கள் மட்டும் கொண்ட ஒரு கையேடு. இவற்றைச் சேர்த்துப் பூட்டினால் ஒரு சி.என்.சி. மில்லிங் இயந்திரம் கிடைக்கும். விலை ஆயிரம் ரிங்கிட்டுக்குச் சற்றுக் குறைவு. அதைக் கேட்ட என் மனைவி, “காருக்கு டயர் மாற்ற வேண்டும் என்று சொன்னீர்களே?” என்று மட்டும் கேட்டார்.

ஓர் ஆசிரியருக்கு எதற்கு மில்லிங் இயந்திரம்? எல்லாம் ஒரு மாணவி கேட்ட கேள்வியால் வந்தது.

நான்காம் படிவத்தில் இயற்பியல் படிப்பவர்களுக்கு இந்தச் சோதனை தெரியும். ஒரு மின்காந்தம் எஃகுக் குண்டைப் பிடித்திருக்கும். மின்சாரத்தை நிறுத்தியதும் குண்டு விழும். அதன் வழியில் மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக இரண்டு ஒளிக்கதவுகள் இருக்கும். முதல் கதவைக் கடந்ததும் கடிகாரம் ஓடத் தொடங்கும், இரண்டாவதைக் கடந்ததும் நிற்கும். குண்டு முதல் கதவுக்கு ஒட்டியபடியே ஓய்விலிருந்து புறப்படுவதால், இடைத்தூரத்தை இரண்டால் பெருக்கி, நேரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் புவியீர்ப்பு முடுக்கம் வந்துவிடும்.

எங்கள் ஆய்வுக்கூடத்தில் அது வரவில்லை. ஒரு குழுவுக்கு 9.3, இன்னொரு குழுவுக்கு 10.4. ஒளிக்கதவுகளைத் தாங்கும் பிளாஸ்டிக் பிடிப்பான்கள் தேய்ந்து, தொட்டாலே ஆடின. அப்போதுதான் அந்த மாணவி கேட்டார்: “சார், புத்தகத்தில் 9.81 என்று இருக்கிறது. நிலநடுக்கோட்டுப் பக்கம் குறையும் என்று நீங்கள்தான் சொன்னீர்கள். அப்படியென்றால் நம் ஊரில் எவ்வளவு? நாமே கண்டுபிடிக்க முடியுமா?”

நல்ல கேள்வி. பூமி சுழல்வதாலும், நடுப்பகுதியில் சற்றுப் புடைத்திருப்பதாலும், நிலநடுக்கோட்டை ஒட்டிய நம் நாட்டில் இந்த மதிப்பு ஏறத்தாழ 9.78. புத்தக மதிப்புக்கும் நம் ஊர் மதிப்புக்கும் உள்ள வேறுபாடு 0.03, அதாவது 0.3 விழுக்காடு. இடைத்தூரம் 200 மில்லிமீட்டர் என்றால் அதில் 0.3 விழுக்காடு வெறும் 0.6 மில்லிமீட்டர். எங்கள் பிடிப்பான்களோ ஒரு மில்லிமீட்டருக்கு மேல் ஆடின. தேடுவது எறும்பை; பார்ப்பது யானை ஏறிய மேசையில்.

ஆகவே எனக்குத் தேவைப்பட்டது ஒரு தகடு. அதில் 12 மில்லிமீட்டர் விட்டத்தில் இரண்டு துளைகள். நடுப்புள்ளிக்கு நடுப்புள்ளி சரியாக 200 மில்லிமீட்டர். ஒளிக்கதவுகளின் தண்டுகளை அவற்றில் செருகிவிட்டால் யாரும் அசைக்க முடியாது. பட்டறையில் கொடுத்துச் செய்திருக்கலாம். ஆனால், பல ஆண்டுகளாக இப்படியோர் இயந்திரம் வாங்கக் காரணம் தேடிக்கொண்டிருந்தவனுக்குக் காரணம் கிடைத்துவிட்டது என்பதே உண்மை.

துளையிடும் இயந்திரம் மேலிருந்து கீழாக மட்டும் குடையும். மில்லிங் இயந்திரத்தில் சுழலும் வெட்டுமுனை பக்கவாட்டிலும் நகர்ந்து பொருளைச் சீவும். இடவலமாக எக்ஸ், முன்பின்னாக ஒய், மேல்கீழாக ஸெட் என மூன்று அச்சுகள். கைப்பிடிகளைச் சுற்றி ஒருவர் செய்யும் இந்த வேலையை மோட்டார்களிடம் ஒப்படைத்து, எங்கே போக வேண்டும் என்பதைக் கணினி எண்களாகச் சொன்னால் அதுதான் சி.என்.சி.

இந்த எண்ணத்துக்கு வயது எழுபதுக்கு மேல். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஜான் பார்சன்ஸ் என்பவர் ஹெலிகாப்டர் இறக்கைகள் செய்துவந்தார். இறக்கையின் வளைவைச் சீராக வெட்டுவது கடினம். வளைவின் மீதுள்ள புள்ளிகளைக் கணக்கிட்டு, அந்த எண்களையே இயந்திரத்துக்குக் கொடுத்தால் என்ன என்று அவர் யோசித்தார். எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தின் ஆய்வுக்கூடம் அதைச் செயலாக்கி 1952இல் காட்டியது. துளையிட்ட காகித நாடாதான் அன்றைய நிரல். அதைப் படிக்கும் மின்னணுக் கருவிகள் மில்லிங் இயந்திரத்தை விடப் பெரிய இடத்தை அடைத்துக்கொண்டன. இன்று என் இயந்திரத்தை இயக்குவது உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு பலகை. அதில் ஓடும் ‘ஜிஆர்பிஎல்’ என்ற மென்பொருளை நார்வேயைச் சேர்ந்த சிமென் ஸ்வாலே ஸ்கோக்ஸ்ரூட் 2009இல் தொடங்கினார். யாரும் இலவசமாகப் பயன்படுத்தலாம்.

இப்படியெல்லாம் படித்துவிட்டு, கணினி இருக்கிறது, துல்லியம் தானாக வரும் என்றுதான் நானும் நினைத்தேன். ஒரே மாலையில் பூட்டி முடித்து, மின்சாரம் கொடுக்கும் தறுவாயில் மாமா வந்தார். என் அம்மாவின் தம்பி. பிறையில் ஒரு தொழிற்சாலையில் முப்பது ஆண்டுகள் இத்தகைய இயந்திரங்களோடு வாழ்ந்து ஓய்வு பெற்றவர். சுவிட்சைத் தொட விடவில்லை. சட்டத்தின் ஒரு மூலையை விரலால் அழுத்தினார். ‘டொக்’ என்றது.

“நொண்டுதடா. இதை வச்சுக்கிட்டா வெட்டப் போற?”

கார் நிறுத்தும் முன்தாழ்வாரத்தில் மேசை போட்டிருந்தேன். மழைநீர் வடிவதற்காக அங்கே தரை சரிவாக இருக்கும். ஆனால் சரிவு பெரிய குற்றமில்லை. முறுக்கம்தான் குற்றம். மூன்று புள்ளிகள் எப்போதும் ஒரே தளத்தில் அமையும். அதனால்தான் முக்காலி ஆடுவதில்லை. நான்காவது புள்ளி அந்தத் தளத்தில் இருக்கும் என்பதற்கு உறுதி இல்லை. நான்கு கால்களையும் மேசையோடு இறுக்கியிருந்தால், தூக்கி நிற்கும் கால் கீழே இழுபட்டு, அலுமினியச் சட்டம் முழுவதும் கண்ணுக்குத் தெரியாமல் முறுக்கிக்கொள்ளும். தடித்த பலகை ஒன்றை அடியில் வைத்து, தூக்கி நின்ற காலுக்குக் கீழே குளிர்பான டின்னிலிருந்து வெட்டிய தகட்டுத் துண்டுகளைச் செருகினோம். மூன்றாவது துண்டில் ‘டொக்’ நின்றது.

அடுத்து, எக்ஸ் அச்சும் ஒய் அச்சும் செங்குத்தாக இருக்கின்றனவா என்பது. மாமா வெட்டுமுனையைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் ஒரு பேனாவைக் கட்டச் சொன்னார். 240க்கு 100 மில்லிமீட்டரில் ஒரு செவ்வகம் வரையச் செய்தோம். ஏன் இந்த அளவு? பித்தகோரஸ் தேற்றத்தைப் போட்டுப் பாருங்கள். மூலைவிட்டம் மீதமில்லாமல் 260 வரும். எஃகு அளவுகோலை வைத்தபோது ஒரு மூலைவிட்டம் 261, மற்றது 259. பக்கங்கள் சரி, ஆனால் செவ்வகம் சற்றுச் சாய்ந்த இணைகரமாகியிருந்தது. கணக்குப் போட்டால் கோணம் 90 பாகையிலிருந்து அரைப் பாகைக்குச் சற்றுக் கூடுதலாக விலகியிருந்தது. கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்கவே முடியாது. நான்கு போல்ட்டுகளைத் தளர்த்தி, ரப்பர் சுத்தியலால் தட்டி, மீண்டும் இறுக்கி, மீண்டும் வரைந்து… நான்காவது தாளில் இரண்டும் 260 ஆயின. அன்று இரவு எட்டரை மணி. மின்சாரம் கொடுத்தது பேனாவுக்காக மட்டுமே.

வெட்டுமுனை சுழலும் தண்டு மேசைக்கு நேர் செங்குத்தாக நிற்கிறதா என்று பார்க்க விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டியதில்லை. சட்டை மாட்டும் கம்பி ஒன்றை வளைத்து, சுழல்தண்டில் பொருத்தி, கையால் மெல்லச் சுற்ற வேண்டும். கம்பியின் நுனி மேசைமீது 120 மில்லிமீட்டர் விட்டத்தில் ஒரு வட்டமிடும். எனக்கு வட்டத்தின் முன்பக்கத்தில் நுனி மேசையை உரசியது; பின்பக்கத்தில் மூன்று தாள்கள் நுழைந்தன. நாம் நகலெடுக்கும் தாளின் தடிப்பு சுமார் 0.1 மில்லிமீட்டர். ஆக, 120 மில்லிமீட்டருக்கு 0.3 மில்லிமீட்டர் சாய்வு. மோட்டாரைத் தாங்கும் பகுதிக்கு அடியில் இன்னொரு டின் துண்டு.

இப்போது கணினியின் பங்குக்கு வருவோம். வெட்டுமுனை எங்கே இருக்கிறது என்று அதற்கு எப்படித் தெரியும்?

தெரியாது. இதுதான் எனக்கே வியப்பளித்த செய்தி. இந்த வகைச் சிறு இயந்திரங்களில் இருப்பவை ஸ்டெப்பர் மோட்டார்கள். ஒரு முழுச் சுற்றை 200 படிகளாகப் பிரித்துச் சுழலும். ஒரு படி 1.8 பாகை. மின்சுற்று ஒவ்வொரு படியையும் மேலும் 16ஆகப் பிரிக்கிறது. ஆக ஒரு சுற்றுக்கு 3,200 துடிப்புகள். திருகுத்தண்டு ஒரு சுற்று சுற்றினால் நட்டு 4 மில்லிமீட்டர் நகரும். வகுத்துப் பாருங்கள்: ஒரு மில்லிமீட்டருக்கு 800 துடிப்புகள். 200 மில்லிமீட்டர் போ என்றால் கணினி 1,60,000 துடிப்புகளை எண்ணி அனுப்பும். அவ்வளவுதான். மோட்டார் உண்மையில் நகர்ந்ததா என்று திரும்பிப் பார்ப்பதில்லை. கண்ணைக் கட்டிக்கொண்டு, காலடிகளை எண்ணியபடி வகுப்பறையைக் கடப்பவரைப் போல. வழியில் யாராவது தள்ளிவிட்டால் எண்ணிக்கை சரியாகவே இருக்கும். நிற்கும் இடம் மாறியிருக்கும். தொழிற்சாலைகளில் உள்ள பெரிய இயந்திரங்களில் மோட்டாரோடு உணரிகளும் இருக்கும். நகர்ந்த தூரத்தை அவை திருப்பிச் சொல்லும். என் இயந்திரத்தில் அந்த வசதி இல்லை.

இன்னொரு சிக்கலும் உண்டு. பழைய காரின் ஸ்டீயரிங்கைப் பிடித்தவர்களுக்குத் தெரியும்: கொஞ்சம் திருப்பினால் சக்கரம் அசையாது, அதற்குப் பிறகே திரும்பும். திருகுக்கும் நட்டுக்கும் இடையிலும் அப்படி ஒரு வெற்றிடம் உண்டு. மாமா தன் பழைய டயல் கேஜைக் கொண்டுவந்து வைத்தார். வலப்பக்கம் 10 மில்லிமீட்டர் போகச் சொன்னோம், 10 போனது. இடப்பக்கம் 10 திரும்பச் சொன்னோம், 9.85தான் திரும்பியது. எஞ்சிய 0.15 மில்லிமீட்டருக்குத் திருகு வீணாகச் சுற்றியிருக்கிறது. வில்சுருளால் நட்டை ஒரு பக்கமாகத் தள்ளி இந்த வெற்றிடத்தை அடைக்க முடியும். பூட்டும்போது அந்த வில்சுருளை நான் சரியாக அழுத்தி வைக்கவில்லை. திருத்திய பின் இழப்பு 0.03 ஆகக் குறைந்தது.

முதல் வெட்டுக்கு முன் மாமா என் கையைப் பார்த்தார். “அந்தக் கயிற்றைக் கழட்டு.”

“முருகன் கோயில் கயிறு மாமா.”

“முருகன் கோவிச்சுக்க மாட்டாரு. சுத்துற தண்டுக்குத்தான் சாமி தெரியாது.”

நிமிடத்துக்குப் பத்தாயிரம் முறை சுழலும் தண்டில் ஒரு நூல் சிக்கினால், கையை இழுத்துக்கொள்ள நேரமே இருக்காது. கயிறு, தொங்கும் தலைமுடி, தளர்ந்த சட்டைக் கை எல்லாம் அப்படித்தான். கையுறையும் கூடாது! பாதுகாப்புக்கு என்று போடும் கையுறையின் நூல் நுனி சிக்கினால் விரலோடு சேர்த்து இழுக்கும். ஆனால் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். அது ஏன் என்று எனக்கு அன்றைக்கே விளங்கியது.

மாமா வீட்டுக்குப் போன பிறகு தனியாகவே தொடங்கினேன். தவறுதான். 6 மில்லிமீட்டர் அக்ரிலிக் தகடு. புதியவன் மெதுவாகப் போவதே நல்லது என்று எண்ணி, நிமிடத்துக்கு 100 மில்லிமீட்டர் வேகம் வைத்தேன். வெட்டுமுனையில் இரண்டு வெட்டு விளிம்புகள். சில நொடிகளில் பிளாஸ்டிக் எரியும் வாடை. முதல் துளையின் முடிவில் வெட்டுமுனையைச் சுற்றி மிட்டாய்ப் பாகு போல அக்ரிலிக் உருகி ஒட்டியது. எக்ஸ் மோட்டார் ஒருமுறை உறுமியது. பிறகு விடுபட்டு ஓடியது. திரையில் எல்லாம் சரியாகவே தெரிந்தது. இரண்டாவது துளையையும் குடைந்தது. வெளிவிளிம்பை வெட்டத் தொடங்கியபோது ‘டக்’. முறிந்த நுனி என் கண்ணாடியின் இடப்பக்கத்தில் பட்டுத் தெறித்தது. அந்தக் கீறல் இன்னும் இருக்கிறது. வகுப்பில் காட்டுகிறேன்.

மறுநாள் துளைகளை அளந்தோம்: இடைத்தூரம் 198.6. உறுமிய அந்த நொடியில் மோட்டார் நின்றுவிட்டது. கணினி எண்ணிக்கொண்டே போய்விட்டது. காணாமற்போன 1.4 மில்லிமீட்டர் அதுதான். இந்தத் தகட்டை 200 என்று நம்பிச் சோதனை செய்திருந்தால், ஈர்ப்பு முடுக்கம் 0.7 விழுக்காடு கூடுதலாக வந்திருக்கும். நாங்கள் தேடிய வேறுபாட்டைப் போல இரண்டு மடங்குக்கும் மேல்!

ஆனால் ஏன் உருகியது? மெதுவாகப் போனதால்தான். கணக்கைப் பாருங்கள். நிமிடத்துக்கு 10,000 சுற்று, சுற்றுக்கு இரண்டு விளிம்பு. ஆக 20,000 சீவல்கள். 100 மில்லிமீட்டரை 20,000ஆல் வகுத்தால் ஒரு சீவலின் தடிப்பு 0.005 மில்லிமீட்டர். அவ்வளவு மெல்லியதை விளிம்பால் சீவ முடியாது, தேய்க்கத்தான் முடியும். தேய்த்தால் உராய்வு, உராய்ந்தால் வெப்பம். தடித்த சீவலாக இருந்தால் வெப்பத்தின் பெரும்பகுதியைச் சீவலே வெளியே சுமந்து போய்விடும். தேங்காய் துருவும்போது கைக்கு அஞ்சி லேசாகத் தடவினால் துருவல் விழாததைப் பார்த்திருப்பீர்கள்.

ஒற்றை விளிம்புள்ள வெட்டுமுனை வாங்கினேன். வேகத்தை 400 ஆக்கினேன், சீவல் 0.04 மில்லிமீட்டர், முன்பை விட எட்டு மடங்கு. ஆழத்தை மட்டும் ஒரு சுற்றுக்கு அரை மில்லிமீட்டராகக் குறைத்தேன். மேசைமீது ஒரு எம்.டி.எஃப். பலகையைப் பொருத்தி, அதன் மேற்பரப்பை இயந்திரத்தையே சீவச் செய்தோம். அப்போதுதான் பலகை அந்த இயந்திரத்தின் அசைவுக்கே சமதளமாக இருக்கும். எம்.டி.எஃப். தூள் மிக நுண்ணியது. முகக்கவசமும் தூசி உறிஞ்சியும் இல்லாமல் இதைச் செய்யாதீர்கள்.

கடைசியாகச் சுழியம். வெட்டுமுனை தகட்டின் மேற்பரப்பைத் தொடும் இடமே ஸெட் அச்சின் சுழியம் என்று கணினிக்கு நாம்தான் சொல்ல வேண்டும். சுழல்தண்டை நிறுத்திவிட்டு, அடியில் ஒரு தாளை வைத்து நகர்த்தியபடியே வெட்டுமுனையைச் சிறிது சிறிதாக இறக்க வேண்டும். தாள் லேசாக இழுபடும் கணத்தில் நிறுத்தி, தாளின் தடிப்பான 0.1ஐக் கழித்துக்கொள்ள வேண்டும். கழிக்க மறந்தால் எல்லா வெட்டும் 0.1 மில்லிமீட்டர் மேலேயே நிற்கும். ஆய்வுக்கூடத்தில் ‘ரலாட் சிஃபார்’ என்று படிக்கிறீர்களே, சுழியப் பிழை, அதுவேதான்.

பிறகு தகட்டுக்கு மேலே 10 மில்லிமீட்டர் உயரத்தில் முழு நிரலையும் காற்றிலேயே ஓட்டினோம். அவசர நிறுத்தப் பொத்தானில் மாமாவின் கட்டைவிரல். எதிலும் மோதவில்லை. அதற்குப் பிறகே உண்மையான வெட்டு. இந்த முறை வாடை இல்லை. வெள்ளைச் சீவல்கள் தேங்காய்ப்பூ போல உதிர்ந்தன.

இரண்டு துளைகளின் நடுப்புள்ளிகளை எப்படி அளப்பது? நடுவில் காற்றுதானே இருக்கிறது! மாமாவின் 300 மில்லிமீட்டர் வெர்னியரால் துளைகளின் வெளியோரங்களுக்கு இடையே அளந்தோம்: 211.98. உள்ளோரங்களுக்கு இடையே: 187.90. இரண்டின் சராசரியே நடுப்புள்ளிகளின் தூரம்: 199.94. வேறுபாட்டில் பாதி துளையின் விட்டம்: 12.04. மாமா தகட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, “ம்” என்றார். அவரிடமிருந்து அது பெரிய பாராட்டு.

பள்ளி திறந்ததும் தகட்டை ஆய்வுக்கூடத்தில் பொருத்தினோம். மாணவர்கள் பத்து முறை குண்டை விழ விட்டார்கள். மதிப்புகள் 9.70க்கும் 9.88க்கும் இடையில் வந்தன. முன்பிருந்த 9.3, 10.4 எங்கே, இது எங்கே. இருந்தாலும் 9.81க்கும் 9.78க்கும் இடையே தீர்ப்புச் சொல்ல இது போதாது. குண்டு முதல் கதவை அடையும்போதே கொஞ்சம் வேகம் பெற்றிருக்கிறதா, மின்காந்தம் குண்டை உடனே விடுகிறதா என்று பலகையில் சந்தேகங்களைப் பட்டியலிட்டோம்.

அந்த மாணவி ஒளிக்கதவைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “சார், தகடு 199.94. சரி. ஆனால் ஒளிக்கதிர் இந்தத் தண்டுக்கு நேர் நடுவில்தான் போகிறதா?”

நான் அளக்கவே இல்லை. மேல்கதவைக் கீழேயும் கீழ்க்கதவை மேலேயும் மாற்றிப் பூட்டி, இரண்டு முறையும் கிடைக்கும் மதிப்புகளின் சராசரியை எடுத்தால் அந்தப் பிழை நீங்கிவிடும் என்று அவரே சொன்னார். வரும் புதன்கிழமை இரண்டு பாட நேரம் அதற்காக ஒதுக்கியிருக்கிறோம்.